கொடிவழியும் சான்றும்: கொங்கு வமிசாவளிகள் - பிரித்தானிய, அயர்லாந்துப் பிரபுமரபு நூல்களோடு ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டின் பட்டக்காரர், பாளையக்காரர் குடும்பங்களைப் பற்றிய வமிசாவளிகள், குலவரலாற்று நூல்களிலும் ஆய்வேடுகளிலும் நேரடி வரலாற்றுச் சான்றாக எடுத்தாளப்படுகின்றன. பிரித்தானிய, அயர்லாந்துப் பிரபுக் குடும்பங்களின் மரபுவழி நூல்களும் ஒரு காலத்தில் இவ்வாறே நம்பப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கடுமையான திறனாய்வு அந்நம்பிக்கையை மாற்றியது. அத்திறனாய்வு முறை கொங்கு வமிசாவளிகளுக்கு எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வமிசாவளி என்பது பிறப்புப் பதிவு அன்று, உரிமை கோரும் மனு. அவ்வாறு வாசித்தால்தான் அதன் சான்று மதிப்பு வெளிப்படும் என்பது கட்டுரையின் கருதுகோள். இவ்வகை மனுவுக்கு மாற்றான ஆவண வகையாகக் கருமத்தம்பட்டி போன்ற பழைய கத்தோலிக்கப் பங்குகளுக்குரிய பதிவேட்டு முறை கருதப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொடிவழி, வமிசாவளி, பட்டக்காரர், காணியாட்சி, கொங்குதேச ராஜாக்கள், பங்குப் பதிவேடு, கருமத்தம்பட்டி

முன்னுரை

ஒரு குடும்பத்தின் தலைமுறை வரிசையைக் குறிக்கத் தமிழில் 'கொடிவழி' என்ற சொல் வழங்குகிறது. ஆங்கிலத்தில் அதே பொருளில் வழங்கும் 'பெடிக்ரி' என்னும் சொல், கொக்கின் கால் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து பிறந்தது. மரபுவரைபடத்தில் ஒரு பெயரிலிருந்து பிரியும் கோடுகள் கொக்கின் காலடி போலத் தோன்றியமையே காரணம். கொடி வேரிலிருந்து மேல்நோக்கிப் படர்வது. கொக்கின் கால் ஒரு புள்ளியிலிருந்து கீழே விரிவது. இரண்டு உருவகங்களும் ஒரே நம்பிக்கையை ஊட்டுகின்றன. இடையில் எங்கும் அறுபடாத தொடர்ச்சி இருக்கிறது என்பதே அந்நம்பிக்கை. அத்தொடர்ச்சியை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்ற வினாவை இரண்டு உருவகங்களுமே மறைத்துவிடுகின்றன.

கொங்கு ஆய்வில் இவ்வினா இன்று தவிர்க்க முடியாதது. குலவரலாற்று நூல்கள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டிப் பெருகுகின்றன. காணிக் கோயில்களில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்குகளில் வமிசாவளியும் பட்டயமும் ஆதாரமாக நீட்டப்படுகின்றன. ஆய்வேடுகளும் அவற்றை எடுத்தாள்வதால் குடும்பக் கூற்று ஒன்று மெல்ல மெல்ல வரலாற்று உண்மையின் தகுதியைப் பெறுகிறது.

நாற்பத்தொன்பது தலைமுறையும் மூன்று தலைமுறையும்

தமிழில் கிடைக்கும் மிகப் பழைய மரபுவழிக் கூற்றுகளுள் ஒன்று ஒரு திருமணப் பேச்சில் பிறக்கிறது. பாரி இறந்தபின் அவன் மகளிரை இருங்கோவேளுக்கு மணம் பேசச் சென்ற கபிலர், வடபுல முனிவன் ஒருவனிடம் தோன்றித் துவரையை ஆண்ட வேளிர் மரபில் நாற்பத்தொன்பது தலைமுறை கடந்து வந்தவன் என அவனைப் பாராட்டுகிறார் (புறநானூறு 201). இருங்கோவேள் மறுக்கிறான். அடுத்த பாட்டில் கபிலரின் குரல் மாறுகிறது. அவன் முன்னோருள் ஒருவன் கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்தமையால் அரையம் என்னும் ஊர் அழிந்தது என்று நினைவூட்டுகிறார். முன்பாட்டில் பெருமைக்குப் பயன்பட்ட அதே முன்னோர் பின்பாட்டில் பழிக்குப் பயன்படுகின்றனர். மரபுவழி என்பது கூறுவோன் நோக்கத்திற்கு ஏற்பத் திரும்பும் கருவி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கு நேர்மாறான ஆவணம் கொங்கிலேயே உள்ளது. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டான்மலைத் தமிழிப் பொறிப்பு, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் சமணத் துறவிக்குக் குகைப்படுக்கை அமைத்துத் தந்த செய்தியைக் கூறுகிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையை மட்டும் அது குறிப்பிடுகிறது. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்ற சூழலில், நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே பொறிக்கப்பட்டது அது. முனிவன் இல்லை, துவரை இல்லை. நாற்பத்தொன்பது தலைமுறையை விட இம்மூன்று தலைமுறையே வரலாற்றாசிரியருக்கு எடை மிகுந்தது. தலைமுறை எண்ணிக்கை கூடக்கூடச் சான்று வலுக்கும் என்ற எண்ணமே மரபுவழி நூல்களின் முதல் மயக்கம்.

பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நிகழ்ந்த திருத்தம்

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1530 முதல் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள், அரசு நியமித்த மரபுச்சின்ன அதிகாரிகள் மாவட்டம்தோறும் சென்று, குடும்பங்கள் தம் சின்னங்களையும் தலைமுறைகளையும் மெய்ப்பிக்குமாறு கேட்டுப் பதிந்தனர். அயர்லாந்தில் இதற்காக 1552இல் 'அல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ்' என்ற பதவி ஏற்படுத்தப்பட்டது. அயர்லாந்தின் பழைய கேலிக் மரபில் இப்பணி பரம்பரைப் புலவர் குடிகளுடையதாக இருந்தது. அம்மரபின் பெருந்தொகுப்பை 1650ஐ ஒட்டி கால்வே நகரில் துவால்டக் மக் ஃபிர்பிசி உருவாக்கினார். தன் உலகம் அழிந்துகொண்டிருந்த வேளையில் அவர் தொகுத்தார் என்பது கவனத்திற்குரியது.

1826இல் ஜான் பர்க் வெளியிட்ட பிரபுமரபு நூல் இத்துறையை வணிகமாக்கியது. குடும்பங்கள் தந்த செய்திகளே அதில் பெருமளவு அச்சேறின. அவர் மகன் பெர்னார்ட் பர்க் 1853 முதல் 1892 வரை அல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ் பதவியையும் வகித்தார். மரபுவழியை விற்பவரும் அதற்குச் சான்றளிப்பவரும் ஒருவரே ஆயினர். இதை எதிர்த்து வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் 1877இல் எழுதிய கட்டுரை, இந்நூல்கள் பல பொய் மரபுகளுக்கு இடம் தந்தமையை வன்மையாகக் கண்டித்தது. ஹொரேஸ் ரவுண்ட் 1901, 1910 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் மூல ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். டென்பி பிரபுக்களான ஃபீல்டிங் குடும்பம் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசமரபின் கிளை என்ற கூற்று அவற்றுள் புகழ்பெற்றது. வரலாற்றாசிரியர் கிப்பனே அதை நம்பி எழுதியிருந்தார். அக்கூற்றுக்கு அடிப்படையான ஆவணங்கள் பிற்காலத்துப் போலிகள் என ரவுண்ட் நிறுவினார். கொக்கெய்ன் 1887 முதல் 1898 வரை எட்டுத் தொகுதிகளாகத் தொகுத்த பிரபுமரபுக் களஞ்சியம் வேறொரு வழியில் சென்றது. குடும்பக் கதையை விலக்கிப் பட்டம் ஒவ்வொன்றின் வழங்கலையும் ஆவணத்தால் உறுதி செய்தது.

கொங்கு வமிசாவளி: மனுவின் கட்டமைப்பு

கொங்கில் இதற்கு இணையான ஆவணங்கள் இரு நிலைகளில் உள்ளன. ஒன்று, காணியாட்சிப் பட்டயங்களும் செப்பேடுகளும். இவற்றுள் பலவற்றைப் புலவர் செ. இராசு தொகுத்துப் பதிப்பித்துள்ளார். மற்றொன்று, காலின் மெக்கன்சியின் உதவியாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையக்காரர்களிடம் பெற்ற கைபீதுகளும் வமிசாவளிகளும்.

இரண்டாம் வகையின் காலமே அதன் பொருளை விளக்குகிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ப் பகுதி கும்பினி ஆட்சிக்கு வந்தது. யாருக்கு எந்த நிலம், எவ்வளவு வரி, எந்த மரியாதை என்பன புதிதாக முடிவாகிக்கொண்டிருந்த வேளையில், பழைய உரிமையை எழுத்தில் நிலைநாட்ட வேண்டிய தேவை ஒவ்வொரு பாளையத்துக்கும் இருந்தது. தமிழகப் பாளையக்காரர் வமிசாவளிகளை ஆராய்ந்த நிக்கோலஸ் டர்க்ஸ் (1987) அவற்றின் பொது அமைப்பைக் காட்டினார். முன்னோன் ஒருவன் அரசன்முன் வீரச்செயல் புரிகிறான். அரசன் பட்டம், விருது, நிலம் ஆகியவற்றை அளிக்கிறான். பின்வந்தோர் அவற்றைக் காக்கின்றனர். இவ்வமைப்பு மனுவின் அமைப்பே. செயல், கொடை, தொடர்ச்சி, ஆகவே உரிமை என்பது அதன் தருக்கம்.

எட்டயபுரம் ஜமீனின் வரலாறாக 1879இல் வெளிவந்த 'வம்சமணி தீபிகை' இவ்வகையின் அச்சு வடிவம். அதைத் திருத்தி நல்ல தமிழில் அமைத்துத் தர முன்வந்து பாரதியார் 1919இல் எட்டயபுரம் மன்னருக்குக் கடிதம் எழுதினார். அவர் குறை கண்டது அந்நூலின் தமிழ்நடையில். ஃப்ரீமன் தொடுத்த வகையான சான்று பற்றிய வினா அங்கே எழவில்லை. தமிழ்ச்சூழலில் வமிசாவளி நெடுங்காலம் இலக்கியமாகவோ பெருமையாகவோ மட்டுமே மதிப்பிடப்பட்டது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

ஒப்பீட்டின் எல்லை ஒன்றையும் இங்கே குறிக்க வேண்டும். பிரித்தானியப் பிரபுப் பட்டம் பொதுவாக மூத்த மகன் வழியில் ஒருவருக்கே சேர்வது. கொங்கு வேளாளரின் குலமோ காணிக் கோயிலாலும் மணவிலக்காலும் பிணைந்த பெருங்கூட்டம். ஒரே குலத்தார் தம்முள் மணப்பதில்லை. ஆனால் குலமுதல்வனிலிருந்து தலைமுறைகளை எண்ணிக் காட்ட வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. பங்காளி என்ற ஏற்பே போதும். பழையகோட்டை, காடையூர், சங்கரண்டாம்பாளையம் முதலிய பட்டக்காரர் குடும்பங்களில்தான் ஒருவர்பின் ஒருவராகப் பட்டம் இறங்கும் வரிசை தேவைப்பட்டது. ஆதலின் பட்டக்காரர் வமிசாவளியின் முறையைக் குலம் முழுவதற்கும் நீட்டி எழுதும் இன்றைய நூல்கள், இரண்டு வேறு அமைப்புகளை ஒன்றாக்கிவிடுகின்றன.

பட்டப்பெயர் என்னும் பொறி

கொங்கு மரபுவழி ஆய்வில் அடிக்கடி நேரும் தவறு, பட்டப்பெயரைக் குடும்பப்பெயராகக் கொள்வது. பவானியில் தொடங்கி நொய்யலை எட்டும் காலிங்கராயன் கால்வாயை வெட்டியவர் என மரபு போற்றும் காலிங்கராயன் 13ஆம் நூற்றாண்டினர். பொள்ளாச்சியை அடுத்த ஊத்துக்குளிப் பாளையக்காரர்கள் அப்பெயரைத் தம் பட்டமாகத் தாங்கி அவர் வழியினர் எனப் போற்றப்படுகின்றனர். ஆனால் காலிங்கராயன் என்பது பலருக்கு வழங்கப்பட்ட பட்டம். முதற் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்துத் தானைத்தலைவனான மணவில் ஊர் நரலோகவீரனும் காலிங்கராயன் எனப்பட்டான். அவன் தொண்டை மண்டலத்தான். எனவே கல்வெட்டொன்றில் காலிங்கராயன் என்ற பெயரைக் கண்டவுடன் அதை ஊத்துக்குளி மரபோடு இணைப்பது சான்றாகாது. ஊத்துக்குளியாரின் கூற்று பொய் என்பது இதன் பொருள் அன்று. பெயரொற்றுமை மட்டும் அதை மெய்ப்பிக்காது என்பதே பொருள்.

'மன்றாடி' என்ற சொல்லும் இத்தகையது. பழையகோட்டைப் பட்டக்காரரின் பட்டத்தில் மன்றாடியார் என வரும் சொல், சோழர் கல்வெட்டுகளில் கோயில் நந்தாவிளக்குக்கு விடப்பட்ட ஆடுகளை ஏற்று நெய் அளக்கும் இடையரைக் குறிக்கிறது. இரண்டு வழக்குகளையும் காலமும் இடமும் நோக்காமல் இணைத்தால் இல்லாத வரலாறு பிறக்கும்.

ஆங்கில மரபில் எசெக்ஸ் பிரபு என்ற பட்டம் மாண்டவில், போகன், டெவரூ, கேப்பல் எனப் பல குடும்பங்களுக்கு வெவ்வேறு காலங்களில் வழங்கப்பட்டது. கொக்கெய்னின் களஞ்சியம் ஒவ்வொரு வழங்கலையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. கொங்கு ஆய்வுக்கு உடனடித் தேவை இத்தகைய பட்ட அகராதி: காலிங்கராயன், மன்றாடி, பல்லவராயன் முதலிய பட்டங்கள் ஒவ்வொன்றும் எந்தக் கல்வெட்டில், எந்த ஆட்சியாண்டில், எந்த ஊராருக்கு வழங்குகிறது என்ற நிரல்.

போலியும் பயனும்: கொங்குதேச ராஜாக்கள்

கொங்கு மரபுவழி பற்றிய கடுமையான விவாதம் புதியதன்று. மெக்கன்சி தொகுப்பைச் சேர்ந்த 'கொங்குதேச ராஜாக்கள்' என்னும் உரைநடை ஏடு, இரட்டர், கங்கர், சோழர், போசளர், விசயநகரத்தார், மைசூர் அரசர் என ஆண்டோரை வரிசைப்படுத்துகிறது. கங்கர் வரலாற்றுக்கு லூயிஸ் ரைஸ் இதைப் பயன்படுத்தினார். ஃபிளீட் இதன் நம்பகத்தன்மையை மறுத்ததோடு கங்கர் செப்பேடுகள் பலவற்றையும் போலி என்றார். ஃப்ரீமனும் ரவுண்டும் பிரபுக்களின் ஆவணங்களைச் சோதித்த அதே காலப்பகுதியில் இந்தியக் கல்வெட்டியலிலும் அதே வினா எழுந்தது.

அவ்விவாதம் தரும் பாடம் இரட்டையானது. போலிச் செப்பேடு, அது கூறும் காலத்துக்குச் சான்றாகாது. ஆனால் அது எழுதப்பட்ட காலத்துக்கு முதல்தரச் சான்று. எந்த உரிமை அப்போது பூசலில் இருந்தது, எந்த அரசனின் பெயருக்கு மதிப்பு இருந்தது, எந்த வாய்பாடு அதிகாரியை நம்பவைக்கும் எனக் கருதப்பட்டது என்பவற்றை அது காட்டிக்கொடுக்கிறது. கொங்குப் பட்டயங்களையும் இவ்வாறே இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஒருமுறை அவை சொல்லும் காலத்துக்காக, ஒருமுறை அவை எழுதப்பட்ட காலத்துக்காக. ரவுண்டின் முறை முதல் வாசிப்போடு நின்றுவிடுவது. பொய் என நிறுவியபின் அதற்கு அந்த ஆவணத்தில் ஆர்வம் இல்லை. கொங்கு ஆய்வு அவ்விடத்தில் நிற்க வேண்டியதில்லை.

மறைந்த தாய்மாரும் வழியற்ற வீரரும்

வமிசாவளி எதை விடுகிறது என்பதும் சான்றே. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சேர மன்னனைத் தந்தை பெயரால் மட்டுமின்றித் தாயின் பிறப்பாலும் அறிமுகப்படுத்துகின்றன. நான்காம் பத்தின் தலைவன் வேளாவிக்கோமான் பதுமன் மகள் பெற்ற மகன் எனப்படுகிறான். அங்கும் தாயின் இயற்பெயர் இல்லை. ஆயினும் அவள் பிறந்த குடி இருக்கிறது. பிரித்தானியப் பிரபுமரபு நூல்களும் மனைவியை இன்னார் மகள் எனத் தவறாமல் குறிக்கின்றன. அவள் வழியே சொத்தும் உரிமையும் வந்தமை காரணம். பாளையக்காரர் வமிசாவளியின் வாய்பாட்டில், கொடை பெற்றவனும் அதைக் காத்தவனுமே உறுப்புகள். தாய்க்கு அங்கே இடமில்லை.

வாய்மொழி மரபு இதற்கு எதிர்நிலையில் நிற்கிறது. பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் வட்டாரத்தில் களப்பணி செய்து பதிவு செய்த அண்ணன்மார் கதையில் தாமரையின் தவமே குலத்தை மீட்கிறது. தங்கையின் முன்னறிவே வீரரை வழிநடத்துகிறது. மேலும், பொன்னரும் சங்கரும் மக்களின்றி மாள்கின்றனர். ஆங்கில மரபுநூலார் இத்தகைய குடும்பங்களை 'அற்றுப்போன பட்டங்கள்' என்று தனி நூலாகத் தொகுத்தனர். ஜான் பர்க்கே 1831இல் அப்படியொன்று வெளியிட்டார். கொங்கின் பெருங்கதையும் அற்றுப்போன மரபின் கதையே. நேர்வழியினர் எவரும் இல்லாததால்தான் அண்ணன்மார் பல சாதியாரும் வழிபடும் பொதுத் தெய்வங்களாக நிலைபெற முடிந்தது எனலாம். கதையின் முடிவைக் கருதாமல் அவர்களைத் தனிக்குடும்பத்தின் கொடிவழியில் ஏற்றுவது அப்பொதுமையைக் குறுக்குவதாகும்.

கருமத்தம்பட்டியும் பதிவேடும்

மனுவாக அமையாத மரபுவழி ஆவணம் உண்டா என்ற வினாவுக்கு அயர்லாந்தின் இழப்பு ஒரு விடை தருகிறது. 1922 சூன் 30 அன்று டப்ளின் நான்கு நீதிமன்ற வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த ஆங்கிலிக்கத் திருச்சபைப் பதிவேடுகளில் பெரும்பகுதி அழிந்தது. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் அந்தந்த ஊரிலேயே இருந்தமையால் அவ்விபத்திலிருந்து தப்பின. பிரபுமரபு நூல்களில் ஒருபோதும் இடம்பெறாத குடியானவர்களின் வழியை இன்று தேடுவோர்க்கு அவையே முதன்மைச் சான்று.

கோயம்புத்தூருக்கும் அவிநாசிக்கும் இடையே உள்ள கருமத்தம்பட்டி, 17ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷன் இயேசு சபையார் வழி உருவான, கொங்கின் மிகப் பழைய கத்தோலிக்கத் தலங்களுள் ஒன்று. செபமாலை அன்னை ஆலயத்தால் அறியப்படுவது. கோயம்புத்தூர் மறைத்தளத்தின் தொடக்க காலத்தில், 1840களில், ஆயர் மரியோன் பிரெசிலாக் அங்கே தங்கிப் பணியாற்றினார். 16ஆம் நூற்றாண்டில் திரெந்து பொதுச்சங்கம் வலியுறுத்திய திருமுழுக்கு, திருமணப் பதிவு முறை இத்தகைய பங்குகளுக்கும் உரியது. அப்பதிவின் வடிவம் குறிப்பிடத்தக்கது. குழந்தையின் பெயர், தந்தை, தாய், ஞானப்பெற்றோர், நாள், திருமுழுக்கு அளித்த குருவின் பெயர் என ஒரே அளவான வரி ஒவ்வொருவர்க்கும் அமைகிறது. நிலமுடையவர்க்கு நீண்ட வரியும் கூலியாளுக்குக் குறுகிய வரியும் இல்லை. எழுதுபவர்க்கு அக்குடும்பத்தின் பெருமையால் ஆவது ஒன்றுமில்லை. நிகழ்ச்சியும் எழுத்தும் ஒரே காலத்தவை. புகழூர்ப் பொறிப்பின் பண்பு இங்கே எளிய மக்களுக்கும் நீள்கிறது.

இதையும் ஐயமின்றி ஏற்பதற்கில்லை. பதிவேடு திருச்சபைக்குள் வந்தோரை மட்டுமே அறியும். புனிதர் பெயர்கள் மீண்டும் மீண்டும் வருவதால் ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிவது கடினம். மறையேற்புக்கு முந்தைய தலைமுறை அதில் இல்லை. ஆயினும், வமிசாவளி கூறும் ஒரு கிராமத்தின் ஒழுங்கை வேறொரு கையெழுத்தால் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை நில வரித்திட்டப் பதிவேடுகளோடு சேர்த்து இவை தருகின்றன. அச்சான குலவரலாறுகளைச் சார்ந்தே நிற்கும் ஆய்வு, பங்கு அலுவலகத்தின் இவ்வகை ஏடுகளை நோக்கித் திரும்புவது பயன் தரும்.

முடிவுரை

இவ்வொப்பீட்டிலிருந்து கொங்கு வமிசாவளி ஆய்வுக்கு மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு கூற்றையும் அது எழுதப்பட்ட நாளோடு சேர்த்தே எடுத்தாள வேண்டும். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள தொலைவே அதன் எடையைத் தீர்மானிக்கும். இரண்டாவது, பட்டத்தையும் குருதிவழியையும் பிரிக்க வேண்டும். ஒரே பட்டம் தாங்கியோர் ஒரே வழியினர் என்பது தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டிய செய்தி. மூன்றாவது, உடையவருக்கு நன்மை தராத செய்தியை ஓர் ஆவணம் கூறுமானால் அதற்கு முதலிடம் தர வேண்டும். அரசன் தந்த விருதைவிட, பங்காளியிடம் இழந்த பாகத்தைப் பற்றிய ஒரு வரி நம்பத்தக்கது.

இந்நெறிகள் எக்குடும்பத்தின் மரபையும் சிறுமைப்படுத்துவன அல்ல. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் நிலவுரிமையை மாற்றிவிட்டது; அரசியலமைப்பின் 18ஆம் உறுப்பு அரசு பட்டங்கள் வழங்குவதை விலக்கிவிட்டது. வமிசாவளி எந்த மன்றத்தின் முன் மனுவாக எழுந்ததோ அம்மன்றம் இன்று இல்லை. மனு என்ற சுமையிலிருந்து விடுபட்ட அவ்வெழுத்தை, கொங்கின் 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான அரசியல் சிந்தனையின் ஆவணமாக வாசிக்க இதுவே ஏற்ற காலம். கோயில் மரியாதைக்கான சான்றாக அதை மீண்டும் வழக்கில் நிறுத்தும் ஆய்வு, வரலாற்றையும் வமிசாவளியையும் ஒருசேர இழக்கும்.